நான் மாட்டிய நாலாம் நம்பர்

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. தீபாவளி முடிந்த அடுத்த வாரம், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை. இடம், கர்நாடகத்தில் பேத்தமங்களா தாண்டி ஆந்திர எல்லையை ஒட்டிய மலைக்காட்டில் இருக்கும் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஜனங்கள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

நான் கோலார் தங்கவயல்காரன். அங்கே கோரமண்டல் பகுதியில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடு ஒன்றில் பிறந்தவன். இப்போதும் அதே வீடுதான். தாத்தா, அப்பா இரண்டு பேரும் ஷாஃப்டில், அதாவது சுரங்கக் குழியில், இறங்கி வேலை செய்தவர்கள். இரண்டு பேருக்கும் கைநாட்டுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து காலேஜ் வாசலையும் மிதித்த முதல் ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் செய்த காரியத்தைப் புரிந்துகொள்ள இது வேண்டியிருக்கிறது.

டிகிரி முடித்ததும் எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லாரையும் போல நானும் விடிகாலை ரயிலில் நின்றுகொண்டே பெங்களூருக்கு வேலைக்குப் போனேன். ஒரு ஓட்டலில் வரவேற்பு மேஜை. இரண்டு வருடத்தில் கால் நரம்பு புடைத்துக்கொண்டதுதான் மிச்சம். அப்போதுதான் இந்த மலை ஊரில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் ஒரு ரிசார்ட். பலகையில் பெரிய பெயரெல்லாம் எழுதியிருக்கும். ஊர் வாயில் அது ரிசார்ட்தான். மண் சுவரும் ஓடும் போட்ட ஆறு குடில்கள், ஒரு சாப்பாட்டுக் கூடம், அதை ஒட்டி அடுப்படி. இருபது குடும்பங்கள் முறை போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். இந்த வாரம் உன் வீட்டுச் சமையல் என்றால் அடுத்த வாரம் என் வீடு. இளைஞர்கள் விருந்தாளிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போய்ப் பறவை, பாறை, யானைத் தடம் எல்லாம் காட்டிக் கூட்டிவருவார்கள். இந்த ரிசார்ட் வரும் முன்னால் இதே ஜனங்கள் செங்கல் சூளைக்கும் பெங்களூர் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு போய் வந்தவர்கள்.

எனக்கு வேலை, ரிஜிஸ்டர் எழுதுவது, போனில் புக்கிங் எடுப்பது, வருகிறவர்களிடம் பேசுவது. அந்த ஊரில் வீட்டில் தெலுங்கு, வெளியே கன்னடம், என்னிடம் எல்லாம் கலந்த ஒரு தமிழ். எதற்கெடுத்தாலும் நோட்டும் பேனாவுமாக நின்று விளக்கம் சொல்வேன் என்று எனக்கு ‘மேஷ்ட்ரு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கன்னடத்தில் வாத்தியார் என்று அர்த்தம். கிண்டல்தான், ஆனால் எனக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது.

சேர்ந்த மூன்றாவது மாதம், பெங்களூரிலிருந்து வந்த ஒரு விருந்தாளி கூட்டத்தை விட்டுப் பிரிந்து மூன்று மணி நேரம் காட்டில் சுற்றிவிட்டார். எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு எங்கள் வீட்டு வாசற்படி பக்கத்து ஆணியில் தொங்கும் பித்தளை டோக்கன் ஞாபகம் வந்தது.

சுரங்கத்தில் அது ஒரு வழக்கம். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போகிற ஒவ்வொருவனும் மேலே இருக்கும் போர்டிலிருந்து தன் நம்பர் டோக்கனை எடுத்துக்கொண்டு போவான். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் தன் ஆணியில் திரும்ப மாட்டுவான். எல்லாரும் ஏறி வந்த பிறகும் ஒரு ஆணி காலியாக இருந்தால், ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான். அவ்வளவுதான் கணக்கு. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். சுரங்கத்தை மூடிய அன்று அப்பா டோக்கனைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்த லீவில் வீட்டுக்குப் போனபோது அதை எடுத்து ஸ்கேலால் அளந்தேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இத்த இன்னாத்துக்குடா அளந்துகினு கீற?”

சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். பிறகு, “போர்டு யார் வேணா வெக்கலாம். அவனவன் டோக்கன அவனவன் கைதான் மாட்டணும். அத்த அவுங்களுக்கு சொல்லு மொதல்ல” என்றார்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பாத்திரக் கடைக்காரரிடம் முப்பது தகடு வெட்டி நம்பர் அடித்து வாங்கினேன். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே பலகை, மூன்று வரிசை, வரிசைக்குப் பத்து ஆணி. மேல் வரிசை ஊர்க்காரர்களுக்கு, கீழே இரண்டும் விருந்தாளிகளுக்கு. எல்லாரையும் உட்கார வைத்து ஒரு வகுப்பே எடுத்தேன். அப்பா சொன்னதைச் சொன்னேன். அதோடு நிறுத்தவில்லை. ஒரு முதலுதவிப் புத்தகத்தில் படித்ததையும் சேர்த்துக்கொண்டேன்: காட்டில் யாருக்காவது அடிபட்டால் நகரக் கூடாது, தவழக் கூடாது, இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். போர்டைப் பார்த்துவிட்டு நாங்கள் தேடி வருவோம்.

அங்கே தடம் பார்ப்பதில் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நாலாம் நம்பர். வாங்கி இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டு, “ஏன் மேஷ்ட்ரே, யானை வந்து கேட்டா எந்த நம்பர் குடுக்கறது?” என்றார்.

“கரடிக்கு முப்பத்தொண்ணு!” என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல்.

“நகரக் கூடாதுன்றீங்களே, சிறுத்தை வந்தா? அதுகிட்ட போர்டு இருக்குதுன்னு சொல்லிட்டு உக்காந்துக்கவா?”

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காதவர் ஒரே ஒருவர், அவர் மனைவி. அந்த அக்காவுக்கு எழுத்து தெரியாது. கூட்டம் கலைந்த பிறகு வந்து, “அவருது எது?” என்று கேட்டார். மேல் வரிசையில் இந்தப் பக்கமிருந்து நாலாவது என்று காட்டினேன். விரல் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த நாலாவது ஆணியை ஒரு பார்வை பார்க்காமல் அவர் கடந்ததில்லை. அந்தப் போர்டை முழுசாக நம்பிய முதல் ஆள் அவர்தான்.

அண்ணனுக்கு மட்டும் அது விளையாட்டு. காட்டிலிருந்து ஊருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ரிசார்ட் பக்கம் வராமல் நேராக வீட்டுக்குப் போய்விடுவார், டோக்கனும் இடுப்போடு போய்விடும். நான் ஆணி காலியாக இருக்கிறதே என்று பதறி ஆள் சேர்த்துக்கொண்டு ஓடுவேன். மூன்று தடவை அப்படி ஓடினேன். மூன்றாவது தடவை நாங்கள் நாலு பேர் விசிலும் கயிறுமாகப் போய் அவர் வீட்டு வாசலில் நின்றபோது, அவர் களியை உருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு இன்னா ஆச்சு? உங்களுக்குத்தான் வேர்த்துக் கொட்டுது. உக்காருங்க, ஒரு வாய் சாப்பிடுங்க.”

அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாலே அடுப்படிப் பெண்கள், “நாலு வந்தாச்சா மேஷ்ட்ரே, நாலு வந்தாச்சா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குக் காது சூடாகும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. விருந்தாளிகள் டோக்கனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பெங்களூருக்கே போய்விடுவார்கள். அதனால் அதே கடையில் இன்னொரு செட் வெட்டி வாங்கினேன். செய்கிறதுதான் செய்கிறோம், ஒன்றிலிருந்து முப்பது வரை முழுசாகவே இருக்கட்டும் என்று. அது என் மேஜை டிராயரில் இருந்தது.

இனி அந்த வியாழக்கிழமை.

குடில்கள் கட்ட உதவி செய்த அமைப்பிலிருந்து ஐந்து பேர் பார்வையிட வருகிறார்கள் என்று ஒரு மாதமாகவே ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. அவர்கள் திருப்தியானால் இன்னும் மூன்று வருடத்துக்கு உதவி நீளும். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். இருபது குடும்பமும் மறுபடி சூளைக்கு. ரிசார்ட் கமிட்டித் தலைவர் விடிந்ததிலிருந்து நாலு தடவை என்னிடம் வந்து, “எல்லாம் சரியா இருக்கணும் மேஷ்ட்ரே, இன்னிக்கி உங்க கையிலதான் இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் வந்தவர்களைக் காட்டுப் பாதையில் கூட்டிப்போவதாகத் திட்டம். பாதையில் யானை நடமாட்டம் இருக்கிறதா என்று பார்த்துவர அண்ணன் காலை ஏழு மணிக்குக் கிளம்பினார். நாலாம் நம்பரை எடுத்து என் முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டி, “பத்து மணிக்கு நாலு வந்துரும். அழாம இருங்க” என்றார். கோணிப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தூறலில் இறங்கிப் போனார்.

பத்தரைக்கு ஆணி காலியாகவே இருந்தது. தலைவரிடம் சொன்னேன்.

“ஊட்டுக்குப் போயிருப்பான். மழையில இங்க எதுக்கு வரான்? வண்டி வர நேரத்துல ஆள் சேர்த்துகினு ஓடாதீங்க. மறுபடியும் சிரிப்பாங்க.”

அது சரி என்றே பட்டது. நான்காவது தடவையும் அவர் களி சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பிப் பார்த்திருக்கலாம். போக வர இருபது நிமிடம். அன்றைக்கு எல்லார் கையிலும் ஒரு வேலை இருந்தது.

பதினொரு மணிக்கு வந்தார்கள். மழையைப் பார்த்ததும் காட்டு நடை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அன்று வேறு யாரும் அந்தப் பாதையில் போகவில்லை. குடில்களைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள். அவர்களில் மூத்த ஒரு அம்மா போர்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். “இது என்ன?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன். தங்கவயல், ஷாஃப்ட், கேஜ், அப்பா, டோக்கன் எல்லாம் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன். தடுமாறாமல் வந்தது. ஐந்து பேரும் நின்று கேட்டார்கள். ஒருவர் போனை எடுத்தார். சுரங்கக்காரர் மகன் ஒருவன் காட்டுக்கு ஒரு பாதுகாப்பு முறை கொண்டுவந்திருக்கிறான், இதை எல்லா ஊரிலும் வைக்கலாம் என்று அந்த அம்மா மற்றவர்களிடம் சொன்னார். என் வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு அவர் விரலை நீட்டி, “அந்த ஒன்று மட்டும் காலியாக இருக்கிறதே, அது யார்?” என்றார்.

அவர் கேட்டது சாதாரணமாகத்தான். ‘எங்கள் ஆள் ஒருவர் காட்டில் இருக்கிறார், இன்னும் திரும்பவில்லை’ என்று நான் சொல்லியிருந்தால் போதும். அந்தப் போர்டு வைத்ததே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். நான் சிரித்துக்கொண்டே, “அவர் வந்துவிட்டார் மேடம், மாட்ட மறந்திருப்பார்” என்றேன். உள்ளே போய் டிராயரைத் திறந்து இரண்டாவது செட்டிலிருந்து நாலாம் நம்பரை எடுத்து வந்து, அவர்கள் கண் முன்னால் மாட்டினேன்.

முப்பது ஆணியும் நிறைந்து போர்டு பார்க்க அழகாக இருந்தது. என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

அந்த வாரம் சமையல் முறை அண்ணன் வீட்டுக்கு. அக்கா ஒன்பது மணியிலிருந்து அடுப்படியில் இருந்தார். சாப்பாட்டுக்கு இலை போடும்போது எனக்குப் பரிமாறிக்கொண்டே தாழ்ந்த குரலில், “காலையில கொஞ்சம் பயமா இருந்துச்சு மேஷ்ட்ரே. இப்பதான் பாத்தேன், டோக்கன் மாட்டிட்டாரு” என்றார்.

என் வாயில் சோறு இருந்தது. எதிரே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

அதையும் நான் இத்தனை நாள் எனக்கு நானே வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டில்தானே இருக்கிறார், பயந்த பெண்ணை எதற்குக் குழப்ப வேண்டும் என்று நினைத்துத்தான் தலையாட்டினேன் என்று. அப்படி நினைத்ததும் உண்மை. அந்த ஐந்து பேர் முன்னால் ‘அது நான் மாட்டியது அக்கா’ என்று சொல்ல வாய் வரவில்லை என்பதும் உண்மை.

நாலு மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். நல்ல செய்தி வரும் என்று தலைவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுப்படியில் விசில் அடித்தார்கள், யாரோ ஒரு பெண் ஆடக்கூடச் செய்தாள். அக்கா மீதிச் சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். பத்து நிமிடத்தில் திரும்ப ஓடி வந்தார். தூக்குச்சட்டி கையில் இல்லை.

“ஊட்ல இல்ல. காலையில மூடி வெச்ச களி அப்படியே கீது. பூட்டு நான் பூட்டினது. அவரு வரவே இல்ல.”

எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கயிறு எங்கே, கம்பளி எங்கே என்று சத்தம். அந்தக் களேபரத்தில் என் கால் நேராகப் போர்டுக்குப் போனது. கை நாலாம் நம்பரைக் கழற்றிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டது. நான் யோசித்துச் செய்ததாக ஞாபகமில்லை. ஆனால் செய்தது என் கைதான்.

அவரைத் தேடிக் கண்டுபிடிக்க அரை மணிகூட ஆகவில்லை. பாதையில் இரண்டாவது திருப்பத்துக்குக் கீழே, ஓடைப் பாறையில் வழுக்கிக் குழியில் விழுந்திருந்தார். வலது தொடை ஒடிந்து பானை மாதிரி வீங்கியிருந்தது. உடம்பெல்லாம் நனைந்து உதடு வெளுத்திருந்தது. உயிர் இருந்தது. எங்கள் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

“எட்டு மணிக்கே விழுந்துட்டேன். நீங்க சொன்ன மாதிரியே நகரல மேஷ்ட்ரே” என்றார். நடுவில் மூச்சு நின்று நின்று வந்தது. “மத்தியானமே வருவீங்கன்னு பாத்துகினு இருந்தேன். ஆணி காலியா இருக்குமே... இன்னிக்கின்னு பாத்து லேட் பண்ணிட்டீங்க.”

கிண்டல் பண்ணித்தான் சொன்னார். அந்த நிலையிலும்.

மூங்கிலும் கம்பளியும் கட்டித் தூக்கி ஜீப்பில் ஏற்றினோம். அவர் தலை என் மடியில். அக்கா கால்மாட்டில். பேத்தமங்களாவில் பார்த்துவிட்டு உடனே கோலாருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வழியில் தண்ணீர் கேட்டார். பிறகு கேட்கவில்லை. கோலார் ஊருக்குள் நுழையும்போது அவர் தலை என் மடியில் கனத்தது எனக்குத் தெரிந்தது. அக்காவுக்குச் சொல்லாமல் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் இளவயதுக்காரர். உடைந்த தொடைக்குள்ளேயே ரத்தம் இறங்கியிருக்கிறது என்றார். “எப்போ விழுந்தார்?” என்று கேட்டார். காலை எட்டு மணி என்றேன். “மத்தியானம் கொண்டு வந்திருந்தால்கூட...” என்று ஆரம்பித்து, அக்காவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த நாள் அடக்கம். இடுப்புக் கயிற்றில் இருந்த டோக்கனை யாரும் அவிழ்க்கவில்லை. அதோடுதான் புதைத்தார்கள். அப்போதுதான் அக்கா முதல்முறை வாயைத் திறந்தார். “டோக்கன் இவருகிட்டதானே கீது? அப்ப போர்டுல நான் பாத்தது இன்னா?”

சுற்றியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெண், “நீ அவசரத்துல மூணையோ அஞ்சையோ பாத்திருப்ப” என்றாள். இன்னொரு ஆள், “எண்ணத் தெரியாதவ நீ, உனக்கு எதுக்கு போர்டு?” என்றார். காலையில் போர்டைப் பார்த்த எல்லாருக்கும் நாலாவது ஆணி காலியாக இருந்தது ஞாபகம் இருந்தது. போட்டோ எடுத்தபோது பக்கத்தில் ஊர்க்காரர் யாரும் இல்லை. அக்கா என்னைப் பார்த்தார். படித்தவன் நான்தானே, நான் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பார்வை.

நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை ரிசார்ட்டுக்குப் போனபோது அக்கா போர்டுக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஆணி ஆணியாக விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மறுபடி முதலிலிருந்து. என் காலடி கேட்டதும் திரும்பாமலே, “நான்தான் தப்பா எண்ணிட்டேன் மேஷ்ட்ரே. நான் ஒழுங்கா பாத்திருந்தா மத்தியானமே கூச்சல் போட்டிருப்பேன். நான்தான் கொன்னுட்டேன்” என்றார்.

அப்போதும் நான் சொல்லவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாவு விஷயத்தை அப்பாவுக்குப் போனில் சொல்லியிருந்தேன். நான் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். “போர்டு இன்னாடா காட்டுச்சு?”

“எல்லாம் மாட்டியிருந்துச்சு நைனா.”

“டோக்கன் அவன் இடுப்புல இருந்துச்சுன்னியே.”

நான் பாக்கெட்டிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவருக்கு எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். ரொம்ப நேரம் பார்த்தார். இருமல் வந்தது, அடங்கியது. “அந்தம்மாவுக்குத் தெரியுமா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. எழுந்துபோய் வாசற்படி ஆணியில் இருந்த தன் டோக்கனைக் கழற்றி, டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்து மூடினார். இருபது வருடத்துக்கு மேல் அங்கே தொங்கியது. இன்று வரைக்கும் அது வெளியே வரவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசவும் இல்லை.

பதினோராம் நாள் காரியத்துக்குப் போனேன். கூட்டம் குறைந்த பிறகு, தலைவரும் சில உறவுக்காரர்களும் இருக்கும்போதே, டோக்கனை அக்கா முன்னால் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். எடுத்து மாட்டியதைச் சொன்னேன். சாப்பிடும்போது தலையாட்டியதைச் சொன்னேன். கழற்றி மறைத்ததையும் சொன்னேன். அண்ணனின் தம்பி என் சட்டையைப் பிடித்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். தலைவர் இழுத்து விலக்கிவிட்டார்.

அக்கா அழவில்லை. டோக்கனைத் தொடவும் இல்லை. “அப்ப நான் சரியாத்தான் எண்ணினேனா?” என்று கேட்டார்.

“சரியாத்தான் எண்ணினீங்க அக்கா.”

“போங்க மேஷ்ட்ரே” என்றார். கோபம் இல்லாத குரலில், அதே மரியாதையோடு. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை.

டோக்கனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தலைவர் பஸ் ரோடு வரைக்கும் கூடவே வந்தார். போலீசில் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் நின்றுவிட்டார்.

“போ. போய்ச் சொல்லு. நாளைக்கே மூடிருவாங்க. இருவது குடும்பம். அதுல அவளும் ஒருத்தி. புருஷன் போயிட்டான், அந்த அடுப்படி மொறைதான் அவளுக்கு இனிமே சோறு. அத்தயும் புடுங்கணும்னா போய்ச் சொல்லு.”

நான் போகவில்லை. அக்காவுக்காகத்தான் போகவில்லையா, என் பயத்துக்கு அவர் நல்லதாக ஒரு காரணம் எடுத்துக் கொடுத்தாரா என்பது எனக்கே தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டேன். உதவி மூன்று வருடத்துக்கு நீண்டது என்று கேள்விப்பட்டேன். ரிசார்ட் இன்றும் நடக்கிறது. அக்கா தன் முறை வரும்போது சமைக்கிறாராம். கூடத்து வாசல் வழியாகப் போவதில்லையாம். குடில்களுக்குப் பின்னால் சேற்றில் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போகிறாராம்.

ரிசார்ட்டின் இணையப் பக்கத்தில் அந்தப் போட்டோ இருக்கிறது. போர்டில் முப்பது டோக்கனும் வரிசையாகத் தொங்க, பக்கத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நான். அது எடுக்கப்பட்ட நேரத்தில் அவர் குழியில் மழையில் கிடந்தார், எங்களுக்காகக் காத்துக்கொண்டு. எடுத்துவிடுங்கள் என்று இரண்டு தடவை போன் செய்தேன். நல்ல படம், எல்லாருக்கும் பிடிக்கிறது என்றார்கள். ‘பாதுகாப்பு ஏற்பாடு பிரமாதம்’ என்று அதன் கீழே போய் வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது பழையபடி விடிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறேன். ஒரு பெரிய கட்டடத்தில் தீயணைப்புச் சாதனங்களைச் சரிபார்த்து எழுதுகிற வேலை. பையில் எப்போதும் அந்த நாலாம் நம்பர் இருக்கிறது. தூக்கிப் போட மனமில்லை, மாட்டுவதற்கு ஆணியும் இல்லை. ‘எல்லாம் சரியாக உள்ளது’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடச் சொல்லி மாலையில் தாளை நீட்டும்போதெல்லாம் என் கை தானாக நின்றுவிடுகிறது, மறுபடி போய் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் நிற்க வேண்டிய அன்றைக்கு அது நிற்கவில்லை.